டார்பியில் கேட்ட கடல் எச்சரிக்கை

1

காலை ஒன்பது மணி இருபத்திரண்டு நிமிடம். வண்டியின் முகப்பில் அந்த எண்கள் பச்சையாக எரிந்துகொண்டிருந்ததால் நேரம் எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. இங்கிலாந்தின் நட்ட நடுவில், டார்பி நகரத்தின் ஒரு குறுகலான தெருவில், பார்சல் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, பின்கதவைத் திறந்து அடுத்த வீட்டுக்கான பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். முன்சீட்டில் கிடந்த போனில் நம் பக்கத்துத் தமிழ் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. மாதாமாதம் சந்தா கட்டி, விளம்பரத் தொல்லை இல்லாமல் கேட்கிற செயலி அது. பாட்டு பாதியில் நின்றது. ஒரு பெண்குரல் பதற்றமே இல்லாமல் வாசித்தது. தெற்குக் கேரளக் கடலிலும் குமரிக் கடலிலும் மாலைக்குள் காற்று பலக்கும். அலைகள் உயரும். கடலில் இருக்கும் மீனவர்கள் உடனே கரை திரும்ப வேண்டும்.

இரண்டு முறை வாசித்தார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடர்ந்தது.

என் மகன் அபின் அப்போது அந்தக் கடலில்தான் இருந்தான். பத்தொன்பது வயது. கல்லூரி விடுமுறைக்கு என் மனைவியின் தம்பி வின்சென்ட் வீட்டுக்கு, கேரளத்தின் தென்கோடிக் கடற்கரை ஊரான பொழியூருக்குப் போயிருந்தவன், அன்று விடியலில் மாமனோடு வள்ளத்தில் ஏறியிருந்தான். முந்தின நாளே வாட்ஸாப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தான், ஆங்கிலத்தில். கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தைப் பதிலாக அனுப்பினேன். கொஞ்ச காலமாக எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

ஊரில் அப்போது பகல் ஒன்று ஐம்பத்திரண்டு. கடலைப் பார்க்க இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டிய ஊரில் நிற்கிற எனக்கு அந்த எச்சரிக்கை ஒரு எழுத்துகூடச் சிதறாமல் கேட்டது. அது யாருக்காக வாசிக்கப்பட்டதோ அவர்களுக்குக் கேட்டிருக்குமா?

கேட்டிருக்கும், வள்ளத்தில் ரேடியோ உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை வாங்கி அனுப்பியவனே நான்தான். அந்த நினைப்பு அரை நிமிடம் தாங்கியது. பிறகு ஜூலையில் அபின் சொன்ன ஒரு வார்த்தை நினைவுக்கு வந்தது. கையிலிருந்த பார்சலைத் தரையில் வைத்துவிட்டு வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

2

சென்ற ஆண்டு இதே மாதம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய குறிப்பை வாசித்தவர்களுக்கு அந்த ரேடியோவைத் தெரியும். வாசிக்காதவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். சொல்லவேண்டிய கடமையும் எனக்கு இருக்கிறது.

நான் கேரள-தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் பாறசாலைக்காரன். புராட்டஸ்டண்ட் மிஷன் கோயில் குடும்பம். நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளியில் பதினான்கு வருடம் இயற்பியல் நடத்தினேன். என் மனைவி ஸ்டெல்லா பொழியூர், கத்தோலிக்கக் கடற்கரைக் குடும்பம். எங்கள் கல்யாணத்துக்கு என் கோயிலிலிருந்தும் யாரும் வரவில்லை, அவள் கோயிலிலிருந்தும் யாரும் வரவில்லை. பதிவு அலுவலகத்தில் நான்கு கையெழுத்தோடு முடிந்தது. பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. ஆனாலும் கடற்கரையில் நான் இன்றும் ‘மேட்டுக்காரர்’தான். வலை இழுக்கத் தெரியாத, நண்டு உடைத்துத் தின்னத் தெரியாத, வள்ளத்தில் ஏறினால் வாந்தியெடுக்கிற மாப்பிள்ளை.

ஸ்டெல்லாவுக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்து நாங்கள் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. என் ஆசிரியர் சான்றிதழ்களை மூன்று அலுவலகங்களுக்கு அனுப்பினேன். மூன்றும் இன்னொரு சான்றிதழ் கேட்டன. அந்த இன்னொரு சான்றிதழைக் கொடுக்க வேண்டிய அலுவலகம் முதல் மூன்றின் ஒப்புதல் கடிதத்தைக் கேட்டது. அத்துடன் விட்டுவிட்டேன். பார்சல் வண்டி ஓட்டுகிறேன். நாள் முழுவதும் என்னோடு பேசுவது வானொலி ஒன்றுதான்.

இங்கே வானொலி பெரும்பாலும் டிஜிட்டலுக்கு மாறிவிட்டது. கரகரப்பு கிடையாது, ஒரு நிலையத்தின் மேல் இன்னொன்று ஏறாது. நான் அந்தத் தெளிவில் மயங்கிப்போயிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து ஒரு செய்தி வந்தது. நம் பக்கத்துக்கு ஒலிபரப்புகிற ஒரு நிலையம், பெயர் வேண்டாம், பழைய மீடியம் வேவ் ஒலிபரப்பை நிறுத்திவிட்டு டிஜிட்டலுக்கும் செயலிக்கும் மாறலாமா, சிலவற்றைச் சந்தாதாரர்களுக்கு மட்டும் கொடுக்கலாமா என்று யோசிக்கிறதாம். பொழியூரில் எதிர்ப்பு கிளம்பியது. கோயில் முற்றத்தில் கூட்டம் கூடி, கூடாது என்றார்கள்.

நான் இங்கிருந்து எழுதினேன். பழைய ஒலிபரப்புக் கருவிகளுக்கு உதிரி பாகம் கிடைப்பதில்லை. மின்சாரத்தை விழுங்குகின்றன. இளைஞர்கள் போனில்தான் கேட்கிறார்கள். நல்ல நிகழ்ச்சிக்குக் காசு கொடுத்தால் என்ன, பத்திரிகைக்குச் சந்தா கட்டுவதில்லையா? இவற்றில் எதுவும் பொய்யில்லை, இன்றும் இல்லை. ஆனால் நான் அதோடு நிறுத்தவில்லை. பொழியூர்க்காரர்களைப் பற்றி, கரகரப்பைக் காதலிக்கிறவர்கள் என்று கேலியாக ஒரு பத்தி எழுதினேன். அந்தப் பத்தியைத்தான் நிறையப் பேர் பாராட்டினார்கள்.

அந்த வேகத்தில் இங்கே ஒரு நல்ல டிஜிட்டல் ரேடியோ வாங்கி, ஊருக்குப் போன நண்பர் ஒருவரின் பெட்டியில் வைத்து வின்சென்டுக்கு அனுப்பினேன். மேட்டுக்காரன் கொடுத்த சாமான் ஒன்றாவது கடலுக்குப் போகட்டும் என்று ஆசை. வின்சென்ட் வீடியோ அழைப்பில் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டினான்.

“கிடிலம் சாதனம் அத்தான்! கரையில ஒருத்தன்கிட்டயும் கெடையாது ஆக்கும்.”

“நல்லாக் கேக்குதா?”

“கேக்குதாவா? பக்கத்துல இருந்து பேசுத மாதிரி உண்டு!”

நம்பினேன். இங்கே விற்கிற டிஜிட்டல் ரேடியோ ஒரு முறையில் வேலை செய்கிறது, நம் நாட்டு டிஜிட்டல் ஒலிபரப்பு முற்றிலும் வேறு முறை. இதை எந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் பத்து நிமிடத்தில் தேடிக் கண்டுபிடித்துவிடும். பதினான்கு வருடம் கரும்பலகையில் அலைகள் வரைந்த நான் தேடவில்லை. எழுதுகிற அவசரத்தில் இருந்தேன்.

3

ஜூலையில் ஊருக்குப் போன முதல் வாரத்திலேயே அபின் போனில் சொன்னான்: “அப்பா, உங்கள் ரேடியோ இங்கே சும்மா சீறிக்கொண்டு கிடக்கிறது.” ஆங்கிலத்தில்தான் சொன்னான். பத்து வயதில் இங்கே வந்தவன். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். கொஞ்சம் தமிழாவது நாக்கில் ஒட்டட்டும் என்றுதான் மூன்று மாதத்துக்கு அனுப்பிவைத்தேன்.

“ஒழுங்கா டியூன் பண்ணு. உனக்கு எதுக்கும் பொறுமை கிடையாது” என்றேன்.

“ஓகே” என்று வைத்துவிட்டான். அவன் என்னிடம் தானாக ஒன்றைச் சொல்வதே அபூர்வம். அதையும் தட்டிவிட்டேன்.

வண்டியின் படியில் உட்கார்ந்தபடி முதலில் வின்சென்டின் எண்ணை அழைத்தேன். எல்லைக்கு வெளியே என்றது. அபினுடையதும் அப்படியே. வின்சென்டின் மனைவி லில்லியை அழைத்தேன்.

“காத்தா? இங்க வெயிலு மண்டையப் பொளக்குது அண்ணே” என்றாள். “அவிய நாலு மணிக்கெல்லாம் வந்திருவாவ. ஒங்களுக்கு ஆரு சொன்னா?”

“ரேடியோவில் சொன்னார்கள். லில்லி, நான் கொடுத்த அந்த ரேடியோ கடலில் பேசுமா? உண்மையைச் சொல்லு.”

அவள் கோழியை விரட்டிவிட்டுப் பேசினாள்.

“அண்ணே, வருத்தப்படப்பிடாது. அது ஒரு நாளும் பேசினதில்ல. கரையில எஃப்எம் பாடும். அங்கிட்டுப் போனா சீறிட்டுக் கெடக்கும். அக்காளும் அத்தானும் ஆசையாத் தந்ததாக்கும், ஒருத்தர்கிட்டயும் சொல்லப்பிடாதுண்ணு எனக்க வாயையும் அடச்சு வச்சிருக்காரு. டெய்லி கொண்டுபோறதும், வந்தா உப்புத்தண்ணி போகத் தொடச்சு வைக்கதும். எனக்கே சிரிப்பு வரும்.”

“பழைய ரேடியோ?”

“அத அண்ணைக்கே தாசன் அண்ணனுக்குக் குடுத்தாச்சே. புதுசு வந்த பெறவு பழசு எதுக்குண்ணு இவரேதான் எடுத்துக் குடுத்தாரு.”

தாசன், வின்சென்டின் பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கும் வள்ளம் உண்டு. இரண்டு பேரும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள்.

“அப்படியானால் இவ்வளவு நாளும் வின்சென்ட் எதை நம்பிப் போனான்?”

“சட்டைய நம்பி” என்றாள் லில்லி.

எனக்கு விளங்கவில்லை. அவள் விளக்கினாள். ஒரு வள்ளத்துக்குக் கேட்டால் போதுமாம். கேட்டவன் துடுப்பில் சட்டையைக் கட்டி உயர்த்திப் பிடிப்பான். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நிற்கும் வள்ளம் அதைப் பார்த்துத் தானும் ஒரு சட்டையைத் தூக்கும். அதைப் பார்த்து அடுத்தது. அப்படியே கடல் நெடுக. பெரிய விசைப்படகுகளில் வயர்லெஸ் உண்டு. இந்தச் சின்ன ஃபைபர் வள்ளங்களுக்குச் சட்டைதான்.

“தாசன் இன்றைக்குப் பக்கத்தில் இருக்கிறாரா?”

“சேந்துதான் போனாவ, நீரோடிக்கு நேரே தெக்க. ஆனா மீனு கண்டா இவரு தெக்கயும் போவாரு, வடக்கயும் போவாரு. நான் எப்படியண்ணே சொல்ல?” அவள் குரலிலிருந்த சிரிப்பு போய்விட்டிருந்தது. “நான் கரைக்குப் போயி நிக்கிறேன்.”

பிறகு அலுவலகங்கள். அவசர உதவிக்கு ஒரு குறுகிய எண் உண்டு. வெளிநாட்டிலிருந்து அழைத்தால் அது விழாது. பழைய மாணவன் ஒருவனிடம் கேட்டு கேரள மீன்வளத்துறையின் ஒரு நீண்ட எண்ணை வாங்கினேன். எடுத்தவர் மலையாளத்தில் மரியாதையாகத்தான் பேசினார். வள்ளத்தின் பதிவு எண் கேட்டார். தெரியாது. பெயர்? அலங்கார மாதா. “அந்தப் பேரில் இவிடெ நாலு வள்ளம் உண்டு சாரே” என்றார். எந்தப் பக்கம் போயிருக்கிறது? எல்லை தாண்டிய நீரோடி ஊருக்கு நேரே தெற்கே இருக்கலாம் என்றேன், லில்லி சொன்னதை வைத்து. “அப்போ அது தமிழ்நாட்டு சைடாணு. அவிடெ விளிச்சு பறயூ.”

அந்தப் பக்கத்து அலுவலகத்தை அழைத்தேன். “போட்டு கேரளா ரெஜிஸ்ட்ரேஷனா? அப்ப அங்கதான் சார் சொல்லணும்” என்றார்கள்.

பாறசாலையில் பிறந்தவனுக்கு இது புதிதில்லை. எங்கள் வீட்டுக்கு மின்சாரம் ஒரு மாநிலம், கிணற்றடித் தென்னை இன்னொரு மாநிலம் என்று சித்தப்பா கேலி செய்வார். எல்லைக்கல்லைத் தாண்டி முருங்கைக்காய் பறித்து வளர்ந்தவன் நான். ஆனால் கடலின் மேலேயும் ஒரு எல்லைக்கல் மிதக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நியாயமாகச் சொல்ல வேண்டும்: முதலில் பேசியவரே இரண்டு பக்கத்துக்கும் தகவல் சொல்லிவிட்டு ஐந்து நிமிடத்தில் திருப்பி அழைத்தார். “ஞான் ரெண்டு சைடிலும் அறியிச்சிட்டுண்டு. பிரார்த்திச்சோளூ” என்றார்.

4

கையிலிருக்கும் ஸ்கேனர் அலறியது. வண்டி பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் அது டிப்போவுக்குச் சொல்லிவிடும். மேற்பார்வையாளர் அழைத்தார், என்னைவிட இளையவர், நல்ல மனிதர். என்ன பிரச்சினை என்று கேட்டார். என் ஆங்கிலம் பதற்றத்தில் பாதியாகிவிடும். “என் மகன் கடலில் இருக்கிறான்” என்று மட்டும் சொன்னேன். “அருமை! வெயில் நன்றாக இருக்கிறதா?” என்றார். விடுமுறைக்குக் கடற்கரை போயிருக்கிறான் என்று நினைத்துவிட்டார். “இருக்கிறது” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அந்த இரண்டு மணி நேரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட வீட்டுக்கதவுகளைத் தட்டினேன். உட்கார்ந்தால் உடைந்துவிடுவேன் என்று தெரிந்தது. நாய்க்கு மெத்தை, பிள்ளைக்குச் செருப்பு, யாருக்கோ மீன் தொட்டிக்கு விளக்கு. ஒரு வீட்டில் கதவைத் திறந்த பெண்ணிடம், இங்கே கையெழுத்து போடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்வதற்குப் பதில், “வந்திருவான்” என்று தமிழில் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

அப்போதெல்லாம் என் மனதில் ஓடியது சட்டைதான். இருபது வருடத்துக்கு மேலாக அந்தக் கரையின் மாப்பிள்ளை நான். வீட்டில் எத்தனையோ கடற்கதைகள் கேட்டிருக்கிறேன், இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சென்ற ஆண்டு அந்தக் குறிப்பை எழுதியிருப்பேனா?

என் செயலிக்கு என்னை நன்றாகத் தெரியும். என் பெயர், அட்டை எண், எத்தனை நிமிடம் கேட்டேன், எந்தப் பாட்டைத் தள்ளிவிட்டேன், எல்லாம் தெரியும். அது என் ஒருவனுக்காகப் பேசுகிறது. தாசனின் கையிலிருக்கும் பழைய பெட்டிக்குத் தாசனையே தெரியாது. யார் கேட்கிறார்கள் என்று அது கேட்பதில்லை. அதனால்தான் ஒருவனுக்குக் கேட்டது நாற்பது வள்ளத்துக்குப் போகிறது. துடுப்பில் ஏறிய சட்டை, அடுத்த வள்ளக்காரன் சந்தா கட்டினானா, கேரளப் பதிவா, தமிழ்நாட்டுப் பதிவா என்று பார்ப்பதில்லை.

உப்புத் தண்ணீரின் மேல் மீடியம் வேவ் வெகுதூரம் போகும். இதை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். கேள்வித்தாளில் இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்டும் இருக்கிறேன். விடை எழுதிய பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு நான் மறந்துவிட்டேன்.

டிஜிட்டலை நான் இன்றும் எதிர்க்கவில்லை. அது இல்லாமல் இந்த வண்டியில் எனக்கு ஒரு நாள் ஓடாது. நம் நாட்டில் வருகிற டிஜிட்டல் முறையும் கடலில் வெகுதூரம் கேட்கும் என்கிறார்கள். நல்லது, வரட்டும். ஆனால் அதைக் கேட்கும் பெட்டி பொழியூரில் எந்தக் கடையில் இருக்கிறது? பழைய பெட்டி பாறசாலையில் பல்பும் பேட்டரியும் விற்கிற கடையில் கிடைக்கும். தண்ணீரில் விழுந்தால் வெயிலில் காயவைத்துக்கொள்ளலாம். ‘மாறுவோம்’ என்று சொல்பவர்கள் எல்லோரும் என்னைப்போலக் கரையில் இருக்கிறார்கள். மாறி முடிவதற்குள் ஒரு காற்று அடித்தால் தண்ணீரில் இருக்கப்போவது அவர்கள் அல்ல.

பதினொன்று பத்துக்கு ஸ்டெல்லா அழைத்தாள். வார்டில் வேலையாக இருக்கும்போது போன் பெட்டியில் பூட்டியிருக்கும். நான் விட்டிருந்த தகவல்களை அப்போதுதான் கேட்டிருக்கிறாள். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ரேடியோ வேலை செய்யாது என்பதையும் சொன்னேன்.

“தெரியும்” என்றாள்.

“உனக்குமா?”

“வந்த மூணாம் நாளே வின்சென்டு சொல்லியாச்சு. ஒங்களுக்க மொகத்தப் பாத்து நான் எப்படிச் சொல்ல? பத்திரிகையில எழுதி வேற வச்சிருந்தீங்க.” பிறகு, “ஆஸ்பத்திரி கார் பார்க்கிங்குக்கு வாங்க. பன்னெண்டு மணிக்கு எனக்கு பிரேக்கு. அழுதுட்டு வண்டி ஓட்டண்டாம், கேட்டீங்களா?” என்றாள்.

என் மகனுக்குத் தெரிந்திருந்தது. மனைவிக்கு, மைத்துனனுக்கு, அவன் மனைவிக்கு, அநேகமாகக் கரை முழுவதற்கும் தெரிந்திருந்தது. தெரியாதவன் எழுதியவன் ஒருவன்தான்.

5

இந்தப் பகுதியை நிதானமாக எழுதுகிறேன். இதில் இருப்பதை நான் அன்று என்ன ஆகும் என்று தெரிவதற்கு முன்பே, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது தீர்மானித்தேன். மகன் வந்தால் ஒரு கருத்து, வராவிட்டால் ஒரு கருத்து என்று இருக்கக்கூடாது.

சென்ற ஆண்டு நான் எழுதிய குறிப்பில் பொழியூர்க்காரர்களைப் பற்றிய பத்தியைத் திரும்பப் பெறுகிறேன். அவர்கள் கரகரப்பைக் காதலிக்கவில்லை. கரகரப்புக்கு நடுவில் என்ன கேட்கவேண்டுமோ அதைக் கேட்டார்கள்.

அந்த நிலையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. இணையத்தில் ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். முயன்று பார்த்தேன். கைபேசிக்கு ரகசிய எண் அனுப்புவோம் என்கிறது. வெளிநாட்டு எண்ணை ஏற்பதில்லை. ஸ்டெல்லாவின் தம்பி எண்ணைக் கொடுத்தால் அவன் கடலில் இருக்கும்போது ரகசிய எண் போய், அவன் கரைக்கு வருவதற்குள் காலாவதியாகிவிடுகிறது. கருத்தை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், அதுவும் ஒரு சின்னக் கட்டத்துக்குள். தமிழில் ஒலிபரப்புகிற நிலையத்துக்குத் தமிழில் ஒரு வரி அனுப்ப வழியில்லை.

ஆகவே தாளில் எழுதினேன். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. கேட்பது இரண்டே விஷயம். புதிய பெட்டி ஒவ்வொரு வள்ளத்துக்கும் போய்ச் சேர்ந்து, அது கடலில் பேசுகிறது என்று வள்ளக்காரர்களே சொல்லும்வரை பழைய ஒலிபரப்பை நிறுத்தக்கூடாது. பாட்டுக்கும் நாடகத்துக்கும் சந்தா வைத்துக்கொள்ளுங்கள், நான் கட்டுகிறேன். கடல் எச்சரிக்கையும் மழை எச்சரிக்கையும் ஒருபோதும் சந்தாவுக்குப் பின்னால் போகக்கூடாது, எந்தச் செயலியிலும், எந்தப் பெட்டியிலும்.

இந்தத் தாள்களைப் பொழியூர்க் கோயிலுக்கும் பாறசாலையில் என் மிஷன் கோயிலுக்கும் அனுப்பியிருக்கிறேன். ஆயர் என்ன சொல்வார், பங்குத்தந்தை என்ன சொல்வார் என்று தயங்குகிறவர்களிடம் நானே பேசுகிறேன். எங்கள் கல்யாணத்துக்கு வராத இரண்டு கோயில்களும் இந்த ஒரு தாளில் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும். மலையடிவாரத்து வெள்ளறடையில் ரப்பர் வெட்டுகிறவர்களும் மழைச் செய்தியை அதே அலைவரிசையில்தான் கேட்கிறார்கள். அவர்களிடமும் போகட்டும். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்புவேன். மூன்று அலுவலகங்களோடு சான்றிதழ் விஷயத்தில் சோர்ந்துபோனவன்தான் நான். இதில் சோரமாட்டேன்.

6

பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி கார் பார்க்கிங்கில் ஸ்டெல்லா வண்டியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சீருடையில் மருந்து வாசனை. லில்லியை அழைத்து, போனை நடுவில் வைத்தோம்.

ஊரில் மணி நான்கரை தாண்டியிருந்தது. முதலில் கேட்டது காற்று. போனுக்குள் யாரோ தார்ப்பாயைக் கிழிப்பதுபோல இருந்தது.

“அக்கா, கேக்குதா? காத்து ஏறியாச்சு. மண்ணு கண்ணுல அடிக்குது. கரை நெறைய ஆளு.” பிறகு அவள் தன்னையறியாமல் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். “ஒண்ணு வருது... நீலம்... அது சேவியருக்க வள்ளம். பெறத்தால ஒண்ணு. அது கொல்லங்கோட்டுக்காரனுக்கது. இழுத்துப் போட்டாச்சு. ஆளுக்கு ஒண்ணுமில்ல.”

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். டார்பியில் ஒரு பார்சல் வண்டிக்குள் பொழியூர்க் கரை முழுவதும் இருந்தது. இவ்வளவு கரகரப்பான ஒலிபரப்பை இவ்வளவு கவனமாக நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

“தாசன் அண்ணன்! தாசன் அண்ணன் வாறாரு அக்கா!”

ஸ்டெல்லா என் முழங்கையைப் பிடித்தாள்.

“கூட...” என்று லில்லி இழுத்தாள். “கூட ஒருத்தரும் இல்ல. தனியாத்தான் வாறாரு.”

சில நிமிடங்கள் கூச்சலும் மணலில் ஓடும் சத்தமும். பிறகு தாசனின் குரல், இரைத்துக்கொண்டு.

“சாரே, தாசனாக்கும். ரேடியோவுல சொன்ன அந்தச் செக்கண்டே சட்டையத் தூக்கியாச்சு. எனக்கு வடக்க நிண்ணவன் எல்லாம் பாத்துத் திரும்பியாச்சு. வின்சென்டு தெக்க நிண்ணான். தூரத்துல, ஒரு பொட்டு மாதிரி. பாத்தானா பாக்கலியாண்ணு எனக்குச் சொல்லத் தெரியல சாரே. நான் கள்ளம் சொல்லமாட்டேன்.”

“எந்த ரேடியோ?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

“ஒங்க மச்சினன் தந்ததுதான். லண்டன் பெட்டி வந்த அண்ணைக்கு, பழச நீ வச்சுக்கோண்ணு தந்தானே, அது.”

ஸ்டெல்லா ஜெபமாலையை எடுத்தாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன், ஓடாத வண்டியில். பன்னிரண்டு முப்பது. பன்னிரண்டு நாற்பது. அவளுடைய இடைவேளை முடிந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. அவள் அசையவில்லை. என் ஸ்கேனர் மூன்று முறை அலறி ஓய்ந்தது.

“எலே, ஆரது, மாறி நில்லுங்கலே! மறைக்காதீங்க!” லில்லியின் கத்தலில் போன் அதிர்ந்தது. “தெக்க ஒண்ணு தெரியுது. இல்ல, மூணு. ரெண்டு நீரோடிக்கு ஒதுங்குது. ஒண்ணு இங்கோட்டு வருது. துடுப்புல என்னமோ கெட்டியிருக்கு. சட்டை. சட்டையாக்கும் அக்கா! முன்னால அணியத்துல ஒருத்தன் சட்டையில்லாம நிக்கான். தொழிலுக்குப் போற ஒடம்பா அது? வெளுத்துக் கெடக்கான். ஒங்க மகனாக்கும்! ரெண்டு பேரும் உண்டு அக்கா, ரெண்டு பேரும் உண்டு!”

பிறகு போன் கை மாறி மாறிப் போனது. யாரோ சிரித்தார்கள், யாரோ அழுதார்கள். “ஒனக்க லண்டன் பெட்டி என்ன சொல்லிச்சு மக்கா?” என்று தாசன் யாரையோ கேட்பது கேட்டது. வின்சென்ட் ஏதோ திட்டினான். கடைசியாக ஒரு மூச்சு, ரொம்பப் பக்கத்தில்.

“அப்பா.”

போனின் சத்தத்தைக் கூட்டினேன். அவன் தொடர்ந்தான், தமிழில், அந்தக் கரையின் தமிழில், வார்த்தைகளைத் தேடித் தேடி.

“தாசன் மாமனுக்க சட்டைய நாங்க அப்பவே பாத்தாச்சு. ஆனா நீரோடிக்காரங்க ரெண்டு வள்ளம் எங்களுக்கும் தெக்க நிண்ணுது. அவங்க பாக்கணும் இல்லியா? அதுவர எனக்க சட்டையத் தூக்கிட்டு நிண்ணேன். அதாக்கும் லேட்டு.” மூச்சு வாங்கினான். “அப்பா, இனி ரேடியோ அனுப்பண்டாம். மாமனுக்கு அந்தப் பழசு போதும். ஆனா தாசன் மாமன் திருப்பித் தரமாட்டேங்காரு. நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்க.”